நீலத் துளையில் செருகிய கம்பி

முன்னொரு காலத்தில் என்று தொடங்கக் கூச்சப்படும் அளவுக்குச் சமீபத்தில், போன ஆவணி மாதம் வளர்பிறைப் பஞ்சமியன்று, தென்காசி சுண்ணாம்புக்காரத் தெருவில் சண்முகவேலாயுதம் தன் மாடிவீட்டுக்கென்று தனியாக ஒரு ரூட்டர் வாங்கி, அதற்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் ஒன்றை நசுக்கி, பக்கத்திலேயே ஸ்டவ்வை வைத்துப் பால் காய்ச்சி, பொங்கிய பாலில் ஒரு சொட்டு அதன் நெற்றியில் தெறித்தும் அது செத்துப்போகாததைச் சுபசகுனம் என்று அறிவித்துவிட்டு, கீழ்வீட்டு ரூட்டரிலிருந்து மாடிக்கு இழுத்திருந்த கம்பியை அதன் நீலத் துளையில் செருகினார். செருகிய கணத்தில் மாடியில் இருந்த மூன்று பேரும் கீழ்வீட்டாரின் கண்ணுக்கும் காதுக்கும் இல்லாமல் போனார்கள்.

கீழ்வீட்டில் இருந்தவர்கள் அவருடைய அண்ணன் குற்றாலலிங்கமும் அண்ணன் மனைவி செண்பகவடிவும். அண்ணனும் தம்பியும் பேசிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. மாடி கட்டி முடித்த சமயத்தில் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் அண்ணன் பெயர் தம்பி பெயரைவிடச் சின்ன எழுத்தில் வந்துவிட்டது. அண்ணன் அடிக்குச்சியை வைத்து இரண்டு பெயரையும் அளந்து பார்த்துவிட்டு, அன்றோடு வாயை மூடிக்கொண்டார். அதற்காக வீட்டில் போக்குவரத்து நின்றுவிடவில்லை. கூட்டும் குழம்பும் மாடிப்படியில் ஏறி இறங்கின, கீழ்வீட்டு நெட்டும் மாடிக்கு வந்தது, ஆனால் பாதிப் படி ஏறுவதற்குள் அதற்கு மூச்சு வாங்கியது. அதனால்தான் இந்தப் புது ரூட்டர்.

அதன் முதுகில் நான்கு மஞ்சள் துளைகள் வரிசையாக இருந்தன. சற்றுத் தள்ளி, ஒதுக்கமாக, ஒரே ஒரு நீலத் துளை. வேலாயுதத்தின் மகள் உலகம்மைக்கு இருபத்தேழு வயது. கண்ணுக்கெட்டாத தேசத்து நோயாளிகளின் வியாதிகளுக்கு எண் போடும் மெடிக்கல் கோடிங் வேலையை வீட்டிலிருந்தே செய்பவள். அவள் அப்போதே சொன்னாள், மஞ்சளில் செருகினால் மேலும் கீழும் ஒரே வீடாக இருக்கும், நீலத்தில் செருகினால் மாடி தனி வீடாகிவிடும், நாம் அவர்களைப் பார்க்கலாம், அவர்களால் நம்மைப் பார்க்க முடியாது என்று. கருவிகளைப் பற்றித்தான் சொன்னாள். ரூட்டரோடு வந்த அச்சடித்த காகிதத்திலும் அப்படித்தான் இருந்தது.

"நாலு பேரோட வரிசையில நிக்கதுக்கா தனி டப்பா வாங்கினேன்?" என்றார் வேலாயுதம். "தனி வாசல்னு ஒண்ணு இருக்குல்லா."

நீலத்தில் செருகியதோடு நிற்காமல், கம்பி அசையாதிருக்க மஞ்சள் தடவிய நூலால் அதற்குக் காப்பும் கட்டினார். ஒரு மண்டலத்துக்கு, அதாவது நாற்பத்தெட்டு நாளைக்கு, அதை அவிழ்க்கக் கூடாது என்று ஜோசியர் சொல்லியிருந்தார். ரூட்டருக்குக் காப்புக் கட்ட எந்தச் சாஸ்திரத்தில் விதி இருக்கிறது என்று கேட்பவர்கள், லாரிக்கு எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அன்று சாயங்காலம் செண்பகவடிவு ஒரு கிண்ணத்தில் அவியல் எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். கூடத்தில் மூன்று பேரும் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருக்க, அவர்களைச் சுற்றிக்கொண்டு போய்க் கிண்ணத்தை மேஜையில் வைத்து, விளக்கையும் டிவியையும் போட்டுவிட்டு எங்கேயோ போயிருக்கிறார்கள், கரண்டு என்ன ஓசியா என்று தனக்குத்தானே சொல்லி, இரண்டையும் அணைத்துவிட்டு இறங்கிப் போனாள். "பெரியம்மை, பெரியம்மை" என்று உலகம்மை படிவரை கூடவே போய்க் கூப்பிட்டதும், தோளைத் தொட்டதும், அவளுக்குக் காற்று அடித்தது போலத்தான் இருந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

மறுநாளே உலகம்மை செய்யக்கூடியதையெல்லாம் செய்து பார்த்தாள். தன் போனைக் கீழ்வீட்டு நெட்டில் சேர்த்துக்கொண்டு இறங்கினாள். போன் மட்டும் தெரிந்தது, அவள் தெரியவில்லை, அந்தரத்தில் மிதந்து வந்த போனுக்குச் செண்பகவடிவு திருநீறு பூசினாள். பால் காய்ச்சிய இடம்தான் ஒருவருடைய இடம் என்பதில் வீடு கறாராக இருந்தது. மாடி ரூட்டரை அணைத்துப் பார்த்தாள். ஒரு மத்தியானம் முழுக்க அப்பா, அம்மா, மகள் மூவரும் ஒருவரை ஒருவர் தேடினார்கள், அம்மா பிரம்மசக்தி வைத்த ரசம் மட்டும் அடுப்பில் தானே கொதித்துத் தானே தாளித்துக்கொண்டது. கேபிள்காரர் வந்தார். இரண்டு வீட்டாரையும் தெளிவாகப் பார்த்தார், இருவரிடமும் நலம் விசாரித்தார், லைனில் கோளாறு இல்லை, உங்கள் வீட்டுக்குள்ளேதான் என்று பதினோரு வருஷமாகத் தெரு சொல்லிவந்ததையே சொல்லிவிட்டுப் போனார். பாக்கி இருந்தது கம்பியை மஞ்சளுக்கு மாற்றுவதுதான். அதற்கு வேண்டிய சின்னச் சின்ன அமைப்புகளை லேப்டாப்பில் செய்து முடித்துக் கம்பியருகே போனபோது, காப்பில் கை வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று அப்பா குறுக்கே நின்றார்.

அவருக்குக் காரணம் வேறு இருந்தது. கண்ணுக்குத் தெரியாமல் அண்ணன் வீட்டில் போய் உட்கார்ந்து, தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று கேட்கும் வசதி எத்தனை தம்பிகளுக்கு வாய்க்கும்? முதல் நாள் போய் உட்கார்ந்தார். தேங்காய் விலையைப் பற்றிப் பேசினார்கள். இரண்டாம் நாள் மூலநோய்க்குத் துத்திக்கீரை நல்லதா என்று பேசினார்கள். ஒரு வாரம் காத்திருந்தார். ஒரு வசவு, ஒரு பெருமூச்சு, போகிற போக்கில் ஒரு "அவன்" கூட வரவில்லை. தன்னைக் கரித்துக்கொட்டுவார்கள் என்று பதினோரு வருஷமாக நம்பி வாழ்ந்த மனுஷனுக்கு இது பெரிய அடி. ஆனாலும் தினமும் போனார், காலையில் ஆபீசுக்குப் போவது போல.

தெரு இதையெல்லாம் மழைக்காலத்து ஓட்டை ஒழுகலைப் போல எடுத்துக்கொண்டது. எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்தால் போதும், சட்டியை அங்கே வைத்துக்கொள்ளலாம். கேட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தார்கள். வீட்டுக்குள் வருகிற விருந்தாளி, போனில் கீழ்வீட்டு நெட் ஏறியிருந்தால் கீழாட்களை மட்டும் பார்த்தார்; மாடி நெட் ஏறியிருந்தால் இரண்டு வீட்டையும் பார்த்தார், கீழாட்களுக்கு அவர் தெரியமாட்டார்; இரண்டும் இல்லாதவர் எல்லாரையும் பார்த்தார், எல்லாருக்கும் தெரிந்தார். ஆகவே வாசலில் நின்று "மேலா, கீழா" என்று கேட்டுவிட்டு உள்ளே விடுவது வழக்கமாயிற்று. கோவில் கொடைத் திருவிழாப் பத்திரிகை இரண்டாக வைக்கப்பட்டது. தெருப் பெண்கள் சிலர் மாடியின் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு, கீழ்வீட்டுக் கூடத்தில் தங்களைப் பற்றி என்ன புறணி நடக்கிறது என்று கேட்கப் போனார்கள். இந்தச் செய்தி கசிந்ததும், புறணி பேசிக்கொண்டிருந்தவர்கள் எச்சரிக்கையானார்கள். அங்கே இல்லாதவர்களைப் பற்றி வாயாரப் புகழ்வதும், புகழும்போது மாடிப்படிப் பக்கம் திரும்பிச் சற்று உரக்கப் புகழ்வதும் பழக்கமாகி, பத்தே நாளில் சுண்ணாம்புக்காரத் தெரு ஜில்லாவிலேயே நல்ல மனசுக்காரர்கள் வாழும் தெரு என்று பெயர் வாங்கிவிட்டது.

இந்த ஏற்பாட்டில் மிக உயர்ந்தவள் பால்காரி பேச்சி. அவளிடம் பட்டன் போன்தான் இருந்தது. எந்த நெட்டும் அவளிடம் ஏறமுடியாது. காலையும் மாலையும் ஏழாவது படியில் உட்கார்ந்து, கீழே சொன்னதை மேலுக்கும் மேலே சொன்னதைக் கீழுக்கும் அவளே கடத்தினாள். சொன்னதைச் சொன்னபடி சொல்லமாட்டாள். செண்பகவடிவு "அவியல் எப்படி இருந்துச்சு" என்று கேட்க, பிரம்மசக்தி "உப்பு தூக்கல்" என்றால், "ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாவளாம்" என்று போய்ச்சேரும். மொழிபெயர்ப்பாளர்கள் துரோகிகள் என்று சொல்லும் பண்டிதர்கள் பேச்சியின் காலடியில் உட்கார்ந்து பாடம் கேட்கலாம்.

உலகம்மைக்கும் இந்த வாழ்வு அப்படியொன்றும் கசக்கவில்லை. கீழே வரும் அத்தைமார் எவரும் அவளிடம் எப்போது கல்யாணச் சாப்பாடு போடுவாய் என்று கேட்க முடியவில்லை. ஆனால் பெரியம்மை, தன்னைத் தூக்கி வளர்த்த பெரியம்மை, மாடிப்படியில் கிண்ணத்தை வைத்துவிட்டு, "ஏட்டி உலகு, எடுத்துக்கிட்டியா?" என்று தவறான பக்கம் பார்த்துக் கேட்கும்போது மட்டும் உலகம்மை அந்தப் பக்கமாகப் போய் நின்றுகொள்வாள். கிண்ணத்தை எடுப்பாள். கையில் எடுத்தது மறைந்துபோகும். கீழே வைத்தால் தெரியும். கிண்ணம் மறைந்ததைப் பார்த்துப் பெரியம்மை தலையாட்டிக்கொள்வாள்.

இருபத்து மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. இது ஆறாவது வரவு. முந்தைய ஐந்தும் தட்டிப்போனதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் வெவ்வேறு என்றாலும் உள்ளே இருந்தது ஒன்றுதான்: பெண் நேராகப் பார்க்கிறாள். பஜ்ஜித் தட்டை நீட்டும்போது தரையைப் பார்க்க வேண்டியவள், வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஒருத்தி ஊருக்குப் போய், அந்தப் பிள்ளை நம்மை விலைக்கு வாங்க வந்தவள் மாதிரி பார்க்கிறது என்றாளாம். வேலாயுதம் வெறுத்துப்போய், ஆறாவதும் கலைந்தால் பொண்ணு உங்க வீட்டுக்குத்தான் என்று கீழப்பாவூர் மளிகைக்கடைக்காரர் ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். அந்த மளிகைக்காரரை உலகம்மை பார்த்ததில்லை. அவர் அனுப்பிய மூன்று போட்டோவிலும், ஒன்று வீட்டுக்குள் எடுத்ததாக இருந்தும், கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

வருகிறவர்களைக் கீழ்வீட்டுக் கூடத்தில்தான் உட்காரவைக்க வேண்டும். சாமியறை அங்கே, மூத்தவர் வீடும் அதுவே. பேச்சி மூலமாக எல்லாம் பேசி ஏற்பாடாகியிருந்தது. வருகிறவர்களுக்கு நெட் கொடுக்கக் கூடாது. கொடுக்காவிட்டால் அவர்கள் இரண்டு வீட்டாரையும் பார்ப்பார்கள். அண்ணன் வீட்டார் தங்களுக்குத் தெரியாத தம்பி வீட்டாரை நோக்கிப் பொதுவாகச் சிரித்துவைப்பார்கள், இடையில் தடங்கல் வந்தால் பேச்சி பார்த்துக்கொள்வாள். நாலரைக்கு ராகு காலம். மூன்று மணிக்கு வந்து அதற்குள் பார்த்துப் பேசி எழுந்துவிட வேண்டும்.

இரண்டு விஷயங்களை யாரும் யோசிக்கவில்லை. பேச்சியின் சேவையை மெச்சித் தெருவே கூடி முந்தின நாள் அவளுக்கு ஒரு டச் போன் பரிசளித்தது. வாழ்த்திப் பேசிச் சால்வை போர்த்திய கையோடு, செண்பகவடிவே அதில் கீழ்வீட்டு நெட்டை ஏற்றியும் கொடுத்துவிட்டாள். ஞாயிறு மத்தியானம் பாலோடு வந்த பேச்சி, மாடிப்படியைப் பார்த்து, "எங்க போனாவ எல்லாரும்?" என்றாள். இரண்டாவது, குற்றாலலிங்கம் தன் பாஸ்வேர்டைக் காலண்டருக்குக் கீழே பெரிய எழுத்தில் அச்சடித்து ஒட்டியிருந்தார். எழுத்தின் அளவில் அவர் எவ்வளவு கவனமானவர் என்பது தெரிந்ததுதானே.

மூன்று மணிக்கு அம்பாசமுத்திரத்துக்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை நம்பிராஜன், லாரிகளை ஏற்றி நிறுக்கும் எடைமேடைகளைச் சரிபார்க்கிற உத்தியோகம். அவனுடைய அம்மா. தாய்மாமன் ஒருவர். வேலாயுதமும் பிரம்மசக்தியும் வாசலில் கும்பிட்டபடி நிற்க, மூவரும் கும்பிட்டார்கள், செருப்பைக் கழற்றினார்கள், உட்கார்ந்தார்கள். தாய்மாமன் தண்ணீர் குடிக்கும் முன்னால் காலண்டரைப் பார்த்தார், அதன் கீழே பார்த்தார், தன் போனில் அடித்தார், அக்கா போனிலும் அடித்துக் கொடுத்தார். பிறகு நிமிர்ந்து, "பொண்ணு வீட்டுக்காரங்க இப்பதானே நின்னாங்க?" என்றார்.

குற்றாலலிங்கம் கூச்சத்தோடு விளக்கினார்: தம்பி குடும்பம் மாடி நெட்டில் இருக்கிறது. தாய்மாமன் புரிந்துகொண்டு தலையாட்டினார். அவர்கள் ஊரிலும் ஒரு வீட்டில் மூன்று ரூட்டராம். புருஷன் பெண்சாதி பேசிக்கொள்வதே பஸ் ஸ்டாண்டில் வைத்துத்தானாம். எடுத்துவிட்டால் சரியாகிவிடுமே என்று போனை நோண்டினார். ஒரு தடவை ஏறிய நெட் அத்தனை சுலபத்தில் இறங்கவில்லை.

சமையலறை வாசலில் பட்டுச் சேலையும் கனகாம்பரமுமாக நின்ற உலகம்மைக்கு இது ஒரு நிமிஷம் திகைப்பாக இருந்தது. அடுத்த நிமிஷம், பிறந்ததிலிருந்து தூக்கிக்கொண்டிருந்த எதையோ இறக்கிவைத்தது போல உடம்பு லேசாகிவிட்டது. பெண் பார்க்கும் வீட்டில் பெண் ஒருத்தி மட்டும் பார்க்கிறவளாக இருப்பது இந்தத் தேசத்தில் எத்தனை முறை நடந்திருக்கும்?

முதலில் வாசலுக்குப் போய், செருப்பு வரிசையில் அவனுடையதைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். இடது குதிகால் வெளிப்பக்கமாகத் தேய்ந்திருந்தது. நிறைய நிற்கிறவன். பிறகு உள்ளே வந்து, அவனுக்கு நேர் எதிரே டீப்பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு பார்த்தாள். காதுகள் கொஞ்சம் பெரிது. நகம் ஒட்ட வெட்டியிருந்தது. மீசையில் இடதுபுறம் வலதைவிட நான்கு முடி நீளம். தாய்மாமன் தன் வீட்டு மாடுகளின் எண்ணிக்கையைச் சொல்லத் தொடங்கியபோது, அவருக்குப் பக்கத்தில் போய் நின்று அவரைப் போலவே வயிற்றைத் தள்ளிக் கையை ஆட்டிக் காண்பித்தாள். அவன் அம்மா பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் மூக்கை உறிஞ்சினாள். உலகம்மையும் கூடவே உறிஞ்சினாள். பசித்தது. தட்டிலிருந்து ஒரு வாழைக்காய் பஜ்ஜியை எடுத்துத் தின்றாள். இரண்டாவதைக் கடித்துவிட்டு, உப்பில்லாததால் முகத்தைச் சுளித்தாள். பஜ்ஜிகள் குறைவதைக் கவனித்த செண்பகவடிவு தாய்மாமனை மரியாதையோடு பார்த்தாள். நம்பிராஜன் சட்னிக் கிண்ணத்தை எதற்கோ டீப்பாயின் ஓரத்துக்கு நகர்த்திவைத்தான். நல்லதாகப் போயிற்று என்று அதைத் தொட்டுக்கொண்டாள்.

இதற்கிடையில் வேலாயுதம் பட்ட பாடு சொல்லி மாளாது. தாய்மாமன் காதில் கத்தினார், மாப்பிள்ளையின் அம்மா முன்னால் கையைக் கும்பிட்டுக்கொண்டே நகர்ந்தார், கடைசியில் ஓய்ந்து, மூன்று வாரமாக உட்கார்ந்து பழகிய இடத்தில், அண்ணனின் வலது காதுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு எதையோ முணுமுணுக்க ஆரம்பித்தார். குற்றாலலிங்கம் ஈ மொய்த்தது போல அந்தக் காதைச் சொறிந்தபடி இருந்தார். மூன்று வாரமாகவே சொறிந்துகொண்டுதான் இருந்தார்.

நாலேகாலுக்குத் தாய்மாமன் கடிகாரத்தைப் பார்த்தார். குறையொன்றும் சொல்வதற்கில்லை, வீடு நல்ல வீடு, பஜ்ஜியும் நிறையத்தான் போட்டிருக்கிறீர்கள், ஆனால் பெண்ணைப் பார்க்காமல் என்ன முடிவு சொல்ல, ராகு காலம் வேறு வருகிறது என்று துண்டை உதறினார். அம்மாவும் எழுந்தாள். வாசலில் கறுப்புக் கண்ணாடி போட்ட மளிகைக்கடை ஒன்று வந்து நிற்பது போல உலகம்மைக்கு இருந்தது.

நம்பிராஜன் மட்டும் எழவில்லை.

"கொஞ்சம் பொறுங்க மாமா" என்றான். "அவங்க இன்னும் பாத்து முடிக்கல."

"யாரு?"

"பொண்ணு."

சொல்லிவிட்டு டீப்பாயின் ஓரத்தைப் பார்த்தான். சரியாக, அவள் கண்ணை.

உலகம்மை கையிலிருந்த அரைப் பஜ்ஜியைத் தட்டில் வைத்தாள். அது எல்லாருக்கும் தெரிந்தது.

"உங்களுக்கு நெட் ஏறல்லியா?" என்றாள். குரல் பிசிறியது.

"நான் கேக்கல்லியே. மொதல் தடவ போற வீட்டுல தண்ணி கேக்கலாம், பாஸ்வேர்டு கேக்கக் கூடாதுல்லா." கூடத்திலிருந்த மற்றவர்களுக்கு அவன் பஜ்ஜித் தட்டோடு பேசுவது போல இருந்தது. பேச்சி புதுப் போனைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்போலருந்து தெரியும்?"

"எஞ்செருப்பத் தூக்கிப் பாத்ததுலருந்து."

அப்படியானால் மாமாவைப் போல வயிற்றைத் தள்ளியது. மூக்கை உறிஞ்சியது. நான்கு முடியை விரல் நீட்டி எண்ணியது. அவளுக்குக் காதுமடல் சுட்டது. ஆனாலும் கண்ணைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தி இனி என்ன ஆகப்போகிறது?

"ஏன் சொல்லல?"

"நிறுக்கும்போது குறுக்க கை வைக்கக் கூடாது" என்றான். "முள்ளு நிக்கணும். நின்ன பொறவுதான் பேசணும். உப்பில்லாத பஜ்ஜி எனக்கும் ஒண்ணு வந்துச்சு, ஆனா நீங்க சுளிச்ச அளவுக்கு நான் சுளிக்கல." பிறகு குரலைத் தாழ்த்தினான். "நின்னாச்சா?"

அவள் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டினாள். ரூட்டர் சந்தனம் உதிர்ந்த நெற்றியோடு மினுங்கிக்கொண்டிருந்தது. கத்தரிக்கோல் தேட நேரமில்லை. குனிந்து, இருபத்து மூன்று நாள் வயதான காப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். மஞ்சளும் தூசியும் கலந்த ருசி. கம்பியை நீலத்திலிருந்து உருவி, மஞ்சள் துளைகளில் முதலாவதாகக் கண்ணில் பட்டதில் செருகினாள். விளக்குகள் அணைந்தன, யோசித்தன, ஒவ்வொன்றாக எரிந்தன.

கீழே, யாரும் இல்லாத நாற்காலியில் பிரம்மசக்தி தெரிந்தாள், முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி. குற்றாலலிங்கத்தின் வலது காதருகே வேலாயுதம் தெரிந்தார். மூன்று வாரமாகக் கேட்க ஆளில்லாமல் சொல்லிச் சொல்லிச் சரளமாகிவிட்டிருந்ததால் அவரால் உடனே நிறுத்த முடியவில்லை, வாக்கியம் ஓடிவந்த வேகத்தில் கூடத்துக்குள் விழுந்தது: "...எழுத்தச் சின்னதாப் போட்டது அச்சாபீஸ்காரன்ணே, நான் பாக்காம விட்டது என் தப்புதான், ஆனா போட்டது அவன்தான்."

குற்றாலலிங்கம் மெதுவாகத் துண்டை எடுத்துக் காதைத் துடைத்தார். பதினோரு வருஷத்துக்குப் பிறகு தம்பியிடம் பேசுகிற முதல் வார்த்தை என்பதால் தொண்டையைக் கனைத்துச் சரிசெய்துகொண்டார்.

"காதுல துப்பாம சொல்லுல" என்றார்.

உலகம்மை மாடிப்படியில் இறங்கி வந்தாள். உதட்டில் மஞ்சள் ஒட்டியிருந்தது, கனகாம்பரம் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. செண்பகவடிவு ஏழாவது படிவரை ஏறிவந்து, அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தாய்மாமன் பார்த்தார், அம்மா மூக்கை உறிஞ்சிவிட்டுப் பார்த்தாள், பேச்சி பார்த்தாள். உலகம்மை எல்லாரையும் நேராகப் பார்த்தாள். நாலரை ஆக இன்னும் மூன்று நிமிஷம் இருந்தது. மாப்பிள்ளையை மட்டும் காணவில்லை. ஒரு கணம் எந்தக் கம்பியை எதில் செருகித் தொலைத்தோமோ என்று பதறித் தேடினாள்.

நம்பிராஜன் வாசற்படியில் குத்தவைத்து உட்கார்ந்து, செருப்பு வரிசையிலிருந்து அவளுடையதை எடுத்து, அவசரமில்லாமல், குதிகாலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.